சட்டைக்குப் பின்னால் போன கேமரா

விடிந்தும் விடியாத நேரம். கொல்லைக் கதவைத் திறக்கிறேன். அங்கே ஒரு கூட்டம் நிற்கிறது. ஆண், பெண், சின்னப்பிள்ளை எல்லாம் உண்டு. ஒருவருக்கும் தலை இல்லை.

கையிலிருந்த செம்பு நழுவிக் காலில் விழுந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்; சத்தம் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்று புரியும். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று எங்கள் தெருவில் நான் சொன்னால்தான் அடுத்த தெருக்காரர்கள் குடத்தைத் தூக்குவார்கள்.

காற்று ஒரு வீச்சு வீசியது. அந்தக் கூட்டம் மொத்தமாகக் கையைத் தூக்கி என்னைப் பார்த்து ஆட்டியது.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போது துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆச்சி, நீ ஃபிரேமுக்குள்ள இருக்க. பைய இங்கன நவுரு."

என் பேத்தி. கல்லுக்குப் பின்னால் குத்தவைத்து, மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள்.

கண் தெளிந்து பார்த்தேன். முருங்கை மரத்திலிருந்து குளியலறைச் சுவர் வரைக்கும் கயிறு கட்டியிருந்தது. அதில் வேட்டி, சேலை, சட்டை, ஒரு சின்னக் கவுன், எல்லாம் ஈரத்தோடு தொங்கின. ஒன்றுகூட எங்கள் வீட்டுத் துணி இல்லை.

"ஏட்டி, யார் துணி இதெல்லாம்?"

"தெரியாது ஆச்சி. அதான் படமே."

இசக்கி இசை ஆனது

இவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகனுக்கு ஒரே மகள். எங்கள் ஜில்லாவிலேயே வண்ணார்பேட்டையில் வீடு. பெற்றவர்கள் இசக்கி அம்மனுக்கு நேர்ந்துகொண்டபடி இசக்கியம்மாள் என்று பெயர் வைத்தோம். சென்னையில் சினிமாப் படிப்புக்குப் போனாள். போன வேகத்தில் பெயரைப் பாதியாக வெட்டி 'இசை' ஆகிவிட்டாள். அம்மனே கோபித்துக்கொள்ளவில்லை, எனக்கு என்ன வந்தது? ஆனால் கோபம் வந்தால் நான் முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். நான் சொல்லச் சொல்ல இதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறவளும் இவள்தான். இந்த இடத்தில் உதட்டைச் சுழிக்கிறாள். சுழிக்கட்டும்.

சினிமாப் படிப்பு என்றதும் நான் பாட்டு, சண்டை, ஒரு கல்யாணம் என்று நினைத்திருந்தேன். முதல் வருஷ லீவில் வந்தவள் எங்கள் வீட்டுக் காற்றாடியைப் படம் எடுத்தாள். அது சுற்றுகிறது, நிற்கிறது, கரண்ட் வருகிறது, மறுபடி சுற்றுகிறது. அவ்வளவுதான் படம். "கதை எங்க?" என்றேன். "பாக்கவங்க மனசுல" என்றாள். என் மனசில் இருந்தது, அதைத் துடைத்து எத்தனை நாளாயிற்று என்பதுதான்.

அடுத்து என் குதிகால். பித்தவெடிப்பை அருகில் வைத்து எடுத்து, கோடையில் வெடித்த வயல் மாதிரி ஆக்கிவிட்டாள். அதைக் கல்லூரியில் போட்டுக் காட்டி எல்லாரும் கை தட்டினார்களாம். எழுபது வருஷம் இந்த முகத்தைச் சுமந்துகொண்டு திரிகிறேன். ஒருவர் கை தட்டவில்லை. குதிகாலுக்குத் தட்டுகிறார்கள்.

மூன்றாவதாகத்தான் இந்தத் துணிப் படம். போன ஆடி முடிகிற சமயம், விக்கிரமசிங்கபுரத்தில் என்னோடு தங்கி எடுத்தாள். அதில்தான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆற்றில் விட்டது

துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பாபநாசத்துப் படித்துறையிலிருந்து என்றாள். கயிற்றை விட்டு இரண்டு எட்டு பின்னால் வந்தேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காரியம் முடித்தவர்கள், தோஷம் கழிப்பவர்கள், போதும் இந்தக் கஷ்டம் என்று வந்தவர்கள், எல்லாரும் பாபநாசத்தில் ஆற்றில் முங்கி, உடுத்திய துணியை அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுவார்கள். மாற்றுத்துணி உடுத்திக்கொண்டு படி ஏறிப் போய்விடுவார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. விட்டதை எவரும் எடுக்கவும் கூடாது.

விட வேண்டாம் என்று இப்போது போர்டு வைத்திருக்கிறார்கள். சனம் போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று துணியை விடுகிறது. துப்புரவுப் பெண்கள் அதையெல்லாம் வாரிக் கரையில் குவிப்பார்கள். அந்தக் குவியலில்தான் என் பேத்தி கையை விட்டிருக்கிறாள்.

"கோட்டி புடிச்சிருக்காட்டி ஒனக்கு? ஊரான் ஊரான் பாவமெல்லாம் நம்ம கொடியில காயுது!"

"ரெண்டு தடவ சோப்புப் போட்டு அலசிட்டேன் ஆச்சி."

"அழுக்கு போவும். அவன் விட்டது போவுமா?"

"எல்லாரும் ஆளத்தான் எடுப்பாங்க. ஆள் விட்டுட்டுப் போனத நான் எடுக்கேன். இது பாதி டாக்குமெண்டரி, பாதி சோதனை."

"சோதனைதான். எனக்கு."

இந்தத் திரும்பிப் பார்க்காத வழக்கத்தில் ஒரு பழைய கதை உண்டு. எங்கள் மாமனார் இறந்த வருஷம். நானும் என் வீட்டுக்காரரும் பாபநாசம் போனோம். மனுசர் மில்லில் வேலை பார்த்தவர், சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். முங்கினார், துணியை விட்டார், மாற்றுடுத்திப் படி ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டுக்குப் போனார், பஸ் வந்தது, ஏறிவிட்டார். நான் படித்துறையில் சேலை பிழிந்துகொண்டு நிற்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றுக்கு உட்கார்ந்த பிறகுதான், போட யாரும் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். நான் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியதும், "திரும்பப்படாதுன்னு ஐயர் சொன்னாருல்லா?" என்கிறார். "ஐயரக் கெட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தும்" என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

அது சிரிப்பு. இது சிரிப்பாக இல்லை. துணி வந்த அன்று மத்தியானமே மிக்ஸி புகைந்தது. அடுத்த நாள் பால் திரிந்தது. எவன் விட்ட பாவம் எதில் இறங்குகிறது என்று ஒவ்வொரு சாமானாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கம் தனியாகப் போவதை விட்டேன். காற்றில் அந்தச் சேலைகள் படபடவென்று அடிக்கும்போது, கதவைத் தட்டுகிற மாதிரியே இருக்கும்.

அவளோ ஒவ்வொரு துணியாகப் பக்கத்தில் போய் எடுத்தாள். பொத்தான் இல்லாத இடம். மஞ்சள் கறை. தைத்த இடம். அதில் ஒரு வெளிர்நீலச் சட்டை. பை கிழிந்து, அதை யாரோ மஞ்சள் நூலால் தைத்திருந்தார்கள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தப் பையை மட்டும் ஒரு துண்டுப் படமாக்கி, அடியில் தன் நம்பரோடு, போனில் ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரிப் போட்டுவிட்டாள்.

போன் வந்தது

சில நாள் கழித்து, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். பேத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. போனைச் சத்தமாக வைத்து என் முன்னால் நீட்டினாள்.

ஒரு பெண்ணின் குரல். அழவில்லை. ரொம்ப மெதுவாக, உடைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகக் கீழே இறக்கி வைக்கிற மாதிரிப் பேசியது.

"பாப்பா, அந்த நீலச் சட்ட ஒங்களுக்கு எங்கன கெடச்சுது? அந்தப் பைய நாந்தான் தச்சேன். வெள்ள நூல் தீந்து போச்சுன்னு மஞ்ச நூல்ல தச்சேன். அது எம் பிள்ள சட்ட."

பேத்தி வாயைத் திறந்தாள். ஆறு என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான்தான் சொன்னேன். "பாவநாசத்துல கெடந்துச்சும்மா."

அந்தப் பக்கம் யாரிடமோ பேனா கேட்டது. பிறகு, "அட்ரஸ் சொல்லுங்க, வாரோம்" என்றது.

போனை வைத்ததும் பேத்தி கேட்டாள். "ஆச்சி, அந்தப் பையன் செத்துப் போயிருப்பானா? செத்தவன் சட்டைய வச்சா நான் விளையாடிட்டு இருந்தேன்?"

வெங்காயத்தை உரித்தேன். இரண்டு பேர் வீட்டில் இருக்கிறோம். அன்றைக்கு நான் உரித்தது பத்துப் பேருக்கு.

வாசலிலேயே நின்றவர்

மறுநாள் பிற்பகல் ஒரு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். புருஷனும் பெண்சாதியும். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஒரு ஊர், வயல் வேலை. அந்தம்மா பெயர் பேச்சியம்மா. பங்குனியில் காணாமல் போன மகன் பெயர் வேலு. படிப்பு முடித்து, போலீஸ் வேலைக்கு எழுதி எழுதிக் கிடைக்காமல் இருந்தவன்.

பேச்சியம்மா உள்ளே வந்தாள். புருஷன் வரவில்லை. கேட்டுக்கு வெளியே, பைக்கைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார்.

"உள்ள வாங்களேன்" என்றேன்.

"இருக்கட்டும்மா. வெயில் நல்லாத்தான் இருக்கு" என்றார். எங்கள் ஊர் வெயிலை நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பேச்சியம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவுக வர மாட்டாக, பெரியம்மா. ஆத்துல எங்கனயாவது ஒதுங்கியிருக்குன்னு தகவல் வந்தா இவுகதான் போறாக. போர்வைய வெலக்கிப் பாத்துட்டு, நம்ம பிள்ள இல்லன்னு வந்து சொல்லுவாக. சொல்லிட்டு ராவெல்லாம் தூங்க மாட்டாக. இன்னொண்ணப் பாக்க அவுகளுக்குத் தெம்பு இல்ல."

பேத்தி சட்டையை மடித்து எடுத்துவந்து கொடுத்தாள். பேச்சியம்மா அதை முகத்தில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"சோப்பு வாடைதான் வருது" என்றாள்.

என் பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு தடவை அலசிய கை.

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டு பேச்சியம்மா சொன்னாள். "அவன் வீட்ட விட்டுப் போவதுக்கு முன்னால ஒரு சொல்லு சொல்லிட்டேன், பெரியம்மா. ரிசல்ட்டு வந்த அன்னைக்கு. மழை பெஞ்சு நெல்லு நனையுது, இவன் படுத்துக் கெடக்கான். ஆத்துலயோ கொளத்துலயோ போய் விழுலேன்னுட்டேன். எந்திரிச்சான். துணிப்பைய எடுத்தான். போனக் கூட எடுக்கல. போயிட்டான்."

நான் என் மகன்களை அப்படிச் சொல்லாத நாள் உண்டா? எங்கள் தெருவில் எந்தத் தாய் சொல்லவில்லை? ஆறு ஓடுகிற ஊரில் வாயில் வருகிற முதல் வசவே அதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கும் அந்தச் சட்டைக்கும் நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு என் நாக்கே பயமாக இருந்தது.

பேத்தி மெதுவாகச் சொன்னாள். "அத்தை, துணி எடுக்கதுக்கு முன்னால நாலஞ்சு நாளா படித்துறையப் படம் எடுத்தேன். எல்லாம் லேப்டாப்புல இருக்கு. அதுல இவரு இருக்கலாம். ஆனா நான் யாரு முகத்தையும் எடுக்கல. முதுகு மட்டுந்தான்."

"முதுகு போதும்" என்றாள் பேச்சியம்மா. "பெத்த முதுகுதானே."

முதுகுகள்

ஜன்னலைச் சாத்தி, கண்கூசாமல் இருக்க ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தாள். பேச்சியம்மா சுவரோரம் தள்ளி உட்கார்ந்தாள், அது கடித்துவிடும் என்பதுபோல.

படம் ஓடியது. அமாவாசைக் கூட்டம் வடிந்த பிறகு எடுத்தது. படித்துறையில் ஆள் அதிகம் இல்லை. ஒரு கிழவரின் முதுகு இறங்கியது, முங்கியது. வேட்டி மிதந்து வந்தது. கேமரா வேட்டியின் பின்னாலேயே போய், அது ஒரு வேரில் சிக்கும்வரை பார்த்தது. அடுத்து ஒரு பெண்ணின் முதுகு. அவள் சேலை. அது போகிற போக்கு. ஒவ்வொன்றும் இப்படித்தான். ஆள் இறங்குவார், துணி வரும், கேமரா துணியோடு போகும்.

வேறு நாளாக இருந்தால் நான் கொட்டாவி விட்டிருப்பேன். அன்று ஒவ்வொரு முதுகு வரும்போதும் என் நெஞ்சு அடித்தது. அவன் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வரக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன். சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

நீலச் சட்டை வந்தது.

பேச்சியம்மா எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "எலும்பா போயிட்டானே" என்றாள்.

அந்தப் பிள்ளை கடைசிப் படியில் நின்றான். முங்க வந்தவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள். மற்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள், முங்கினார்கள். இவன் நின்றுகொண்டே இருந்தான். அப்புறம் ஒரு படி. இன்னும் ஒரு படி. இடுப்பு நனைந்தது. நெஞ்சு நனைந்தது. கழுத்து.

தலை தண்ணீருக்குள் போனது.

சட்டை மட்டும் மேலே வந்தது. உள்ளே காற்று புகுந்து, முதுகு உப்பி, குப்புறப் படுத்த ஆள் மாதிரி மிதந்தது. பேச்சியம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

கேமரா அந்தச் சட்டையின் பின்னால் போக ஆரம்பித்தது.

"ஏட்டி, அங்கன எங்க போற? ஆளப் பாரு! திருப்புட்டீ!" நான் லேப்டாப்பைப் பார்த்துக் கத்துகிறேன்.

"அது எடுத்து முடிச்சது ஆச்சி." பேத்தி லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள். "இனிமே திருப்ப முடியாது."

சட்டை போகிறது. பாறையைச் சுற்றுகிறது. சாவகாசமாகப் போகிறது. கேமராவும் சாவகாசமாகப் போகிறது. படித்துறை படத்தில் இல்லை. அந்தப் பிள்ளை தலையைத் தூக்கினானா இல்லையா என்பது அந்தப் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் இந்தப் பக்கத்தில் ஒரு சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"நீ நேர்ல பாத்திருப்பியே தாயி. ஏறுனானா?" பேச்சியம்மா கேட்டாள்.

பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரியல அத்தை. நான் சட்டையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இதைவிடப் பயமான ஒரு பதிலை நான் கேட்டதில்லை.

ஊமைப் படம்

பதறினால் எனக்குக் கோபம் வரும். கோபத்தில் லேப்டாப்பைத்தான் திட்டினேன்.

"இந்தச் சவம் என்ன ஊமையா? அத்தன பேரு முங்குதாவ, ஒரு சத்தம் கேக்கல!"

"நான்தான் சத்தத்த அமத்தி வச்சிருக்கேன். படத்துக்குச் சத்தம் வேண்டாம்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "சத்தம் பதிவாயிருக்கும் ஆச்சி. நான் ஒரு நாளும் கேட்டது கிடையாது."

படத்தைப் பின்னால் இழுத்தாள். சத்தத்தைக் கூட்டினாள்.

தண்ணீர் இரைச்சல் அறை முழுக்க வந்து விழுந்தது. எங்கேயோ ஒரு மணி. ஒரு குரங்கை யாரோ விரட்டுகிறார்கள். தலை தண்ணீருக்குள் போகிறது. சட்டை மேலே வருகிறது. கேமரா அதன் பின்னால் போகிறது. தண்ணீர் இரைச்சல். இரைச்சல். இரைச்சல். சட்டை பாறையைச் சுற்றுகிறது.

பக்கத்தில், படத்தில் தெரியாத படியில், யாரோ தும்மினார்கள்.

மறுபடி ஒரு தும்மல். மூன்றாவது பாதியில் நின்றுபோனது. வர வேண்டியது வராமல் ஒரு "ஹா" மட்டும். அப்புறம் ஈரக்கால் படியில் சப் சப்பென்று ஏறிப் போகிற சத்தம்.

பேச்சியம்மா என் கையை விட்டாள். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"இன்னொரு தடவ போடு, தாயி."

போட்டாள். இரண்டு தும்மல். ஒரு பாதி. ஈரக்கால்.

"பிறந்ததுல இருந்து அவனுக்குத் தல நனைஞ்சா இப்படித்தான்" என்றாள். "மூணாவது வராது. தொண்டைல நின்னுக்கிட்டு அவனப் போட்டு அலைக்கழிக்கும். நான் முதுகுல ஒண்ணு வைப்பேன்."

எழுந்து, சேலைத் தலைப்பு தரையில் இழுபட, வாசலுக்கு ஓடினாள். அங்கே பைக்கைப் பிடித்தபடி அவர் இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க" என்றாள். "ஒங்க பிள்ள தும்முதான். வந்து கேளுங்க."

அவர் திரும்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று. உள்ளே வந்தார். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்; நானும் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து, லேப்டாப்பில் காதை வைத்தார். பேத்தி மறுபடி போட்டாள். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது பாதியில் நின்றபோது மட்டும், அவர் கை தானாக எழுந்து, யாரோ ஒருவர் முதுகில் தட்டப் போவதுபோல நின்றது.

"தல தொவட்டுனானா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியாது. "தொவட்டாமப் போயிருந்தா சளி புடிச்சிருக்குமே."

ஒரு சட்டை பாக்கி

பிள்ளை ஆற்றோடு போகவில்லை. அது தெரிந்தது. எங்கே போனான் என்பது தெரியவில்லை. கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்த பேச்சியம்மா, சட்டையைப் பார்த்ததும் மறுபடி ஒடுங்கிவிட்டாள்.

"வேண்டாம்னுதானே விட்டுட்டுப் போயிருக்கான்" என்றாள். "சட்டைய மட்டுமா விட்டான்?"

பாபநாசத்தில் விடுகிறவர்கள் எதை விடுகிறார்கள் என்று சட்டையில் எழுதியா வைக்கிறார்கள்?

"எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினாள். "அவன் விட்டத நான் எடுக்க மாட்டேன், பெரியம்மா. அவனுக்கு ஆகாது. இங்கனயே இருக்கட்டும். வந்து கேட்டா குடுங்க."

"வந்து கேக்க அவனுக்கு எப்படித் தெரியும்?"

பேத்திதான் வழி சொன்னாள். மறுபடி ஒரு சின்னத் துண்டு. அந்த மஞ்சள் நூல் பை மட்டும். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். பின்னால் அந்தத் தும்மல் சத்தம். ஊரில் மற்றவர்களுக்கு அது ஒரு கோட்டித்தனமான படமாகத் தெரியும். ஒருவனுக்கு மட்டும் அது யார் என்று தெரியும்.

"கீழ ரெண்டு வார்த்த எழுதணும் அத்தை. என்ன போடட்டும்?"

பேச்சியம்மா புருஷனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆத்துல விட்டத எடுக்கக் கூடாது. நான் சொன்ன சொல்ல நான் எடுத்துக்கிடலாம்லா, பெரியம்மா?"

"எடுத்துக்கோ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்ப அதப் போடு, தாயி. சொன்னத அம்மா எடுத்துக்கிட்டாள்னு போடு. சட்ட இந்த ஊர்ல இருக்குன்னு போடு."

போட்டாள். எங்கள் ஊர்ப் பெயரையும் தெருவையும் போட்டாள். அவர்கள் பைக்கில் ஏறிப் போனார்கள். தெருமுனை திரும்புகிறவரை பேச்சியம்மா எங்கள் வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாதங்கள் ஓடிவிட்டன. மற்ற துணிகளைத் துப்புரவுப் பெண்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். நீலச் சட்டையைத் தேய்த்து, என் அறையில் மாட்டியிருக்கிறேன். பேத்தி சென்னைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து வாராவாரம் வீடியோ காலில் நான் சொல்ல இதைத் தட்டுகிறாள். தீபாவளிக்கு வண்ணார்பேட்டைக்கு வா என்று மகன் கூப்பிட்டான்; வயிறு சரியில்லை என்றேன். பொங்கலுக்குக் கூப்பிட்டான், முட்டு வலி என்றேன். "ஒங்களுக்கு என்னதாம்மா செய்யுது?" என்று கத்துகிறான்.

கொல்லையில் துணி படபடத்தால் இப்போது எனக்குப் பயம் இல்லை. ரேஷனுக்குப் போகிற நேரத்தில்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பூட்டைப் போட்டுவிட்டு நாலு எட்டு வைப்பேன். நான் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பிள்ளை வந்து, கதவு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கூப்பிடக்கூடச் செய்யாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டால்?

உடனே வந்து பூட்டைத் திறந்து, அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் போகிறேன்.